உட்கார்ந்து செய்யும் வேலை

சோனியாவுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். பங்களா கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. மேலே கறுப்பு ரெக்சின் போட்டு, சுற்றினால் உயர்ந்து தாழும் ஒரே ஒரு ஸ்டூல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனியின் டெஸ்டிங் ரூமில் அது இருந்தது. அதில் உட்கார இன்னும் ஆள் போடவில்லை. அவளுடையவை பத்தொன்பது வருடம் நின்றே உழைத்த கால்கள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அந்த ஸ்டூலைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது என்றால் சிரிக்காதீர்கள். நாள் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

கம்பெனிக்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பேர். ஊரில் எல்லோரும் குப்பை கம்பெனி என்றார்கள். ஊர் ஊராக வரும் பிளாஸ்டிக் குப்பையை, எண்ணெய்ப் பாக்கெட்டு, பால் கவர், ஷாம்பு டப்பா, உடைந்த பக்கெட்டு என்று எல்லாவற்றையும், தூளாக நறுக்கி உருக்கி ஆளுயர இரும்புப் பானைக்குள் அனுப்புவார்கள். பானைக்குள் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் நிரப்பியிருக்கும். வேலையெல்லாம் அந்த மணிகளுடையதுதான். பிளாஸ்டிக்கை உடைத்து, பெயிண்டுக்கும் சோப்புக்கும் ஆகிற எண்ணெயாக மாற்றிவிடும், தான் மட்டும் தீர்ந்துபோகாது. இன்ஜினியர் அதைக் கேட்டலிஸ்ட் என்றார். குப்பை ஓடும் பெல்ட்டோரம் நிற்கும் பதினோரு பெண்களும் மருந்து என்றார்கள்.

மருந்துக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, சம்பந்தி வீட்டாருக்குக்கூட நடக்காது. ஏசி ரூமில் இருப்பு. ஈரம் படக்கூடாது, தூசு படக்கூடாது. நாற்பது நாளைக்கு ஒருதரம் அது களைத்துப்போய்விடுமாம். பானையை நிறுத்தி, உள்ளே சூடான காற்று விட்டு, நான்கு நாள் ஓய்வு கொடுப்பார்கள். குப்பை பிரிக்கும் பெண்களோ தகரக் கொட்டகையில், ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும், மத்தியானம் இருபது நிமிடம் தவிர நின்ற நிலையில்.

"மருந்துக்குக்கூட லீவு கீதுடி சோனி. நம்ம களைச்சா எவன் காத்து வுடறான்?" என்பாள் செண்பகம்.

செண்பகம் பெல்ட்டின் கடைசி ஆள். அவளைத் தாண்டினால் நறுக்கும் மிஷின்தான். சோனியா மேஸ்திரி. இருவரும் ஒரே வாரத்தில் குப்பைக்கு வந்தவர்கள். அப்போது இந்தக் கம்பெனியெல்லாம் இல்லை, பைபாஸ் ஓரம் ஒரு பழைய பிளாஸ்டிக் குடோன். மகள் பிரின்சி வயிற்றில் இருந்தபோது சோனியாவின் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டது. செண்பகம்தான் காலி பெயிண்ட் பக்கெட்டு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, முன்னால் நான்கு மூட்டையை அடுக்கி மறைத்து, "குந்துடி, நா பாத்துக்கறேன்" என்று இரண்டு பேர் குப்பையையும் ஒருத்தியாகப் பிரித்தாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, மூன்று மாசம். சோனியா வேலைநேரத்தில் உட்கார்ந்தது என்றால் வாழ்க்கையிலேயே அந்த மூன்று மாசம்தான்.

இந்த மருந்துக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. பி.வி.சி. என்கிற ஜாதி பிளாஸ்டிக். பைப்பு, ஒயர் மேல் உறை, ரெக்சின், எல்லாவற்றுக்கும் மேலாக ஃப்ளெக்ஸ் பேனர். சூடுபட்டால் அதிலிருந்து ஆசிட் புகை கிளம்பி இரும்பை அரிக்கும், மருந்தைக் கொன்றுபோடும். நம் ஊரில் ஃப்ளெக்ஸுக்குப் பஞ்சமா? காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், செத்தாலும் ஃப்ளெக்ஸ். பெல்ட்டில் அது வந்தால் உருவிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். சிவப்புத் தொட்டி நிறைந்ததும் லாரி ஏறி சிமெண்ட் ஃபேக்டரிக்குப் போகும். அங்கே அடுப்பில் போட்டு எரிப்பார்கள்.

இதையெல்லாம் பெண்களுக்கு விளக்கியவர் இன்ஜினியர் சந்திரமோகன். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களால் வருகிற கேடு தனி ரகம். டிரெய்னிங் அன்று மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது, அவருக்குப் பசி.

"எரிச்சா சாம்பல், புகை, அதோட முடிஞ்சுது. இங்க நாம எதையும் எரிக்கிறது இல்லம்மா. பழைய உருவம் உடையுது, புது உருவத்துல எழுந்து வருது. சாவே இல்லாத மாதிரி."

செண்பகம் கையைத் தூக்கினாள். "உயிர்த்தெழுந்து வரா மாரியா சார்?"

"ஆமாம்மா, அப்படியே வெச்சுக்கோங்க" என்று அவர் சாப்பிடப் போய்விட்டார்.

படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. புரியவைக்கச் சோம்பலாக இருந்தால் எதிராளி சொன்னதற்கே தலையாட்டிவிடுவார்கள். செண்பகம் அந்த ஆமாவை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுடைய ஒரே மகன் லோகு அதற்கு இரண்டு மாதம் முன்புதான் போய்ச் சேர்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. கம்பி ஏற்றிய லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவன். பெட்டியை மூடும்போது முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பாஸ்டரே சொல்லிவிட்டார். அடக்கம் முடிந்த அன்று அவன் சிநேகிதர்கள் எளாவூர் காலனி முனையில் பத்துக்கு எட்டில் பேனர் கட்டினார்கள். யாருடைய போனிலோ இருந்த படம். லோகு எதற்கோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே, 'கர்த்தருக்குள் நித்திரை'. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் செண்பகம் அந்தப் பேனர் முன்னால் நின்றுவிட்டுத்தான் போவாள். மழையில் சேறு தெறித்தால் துடைப்பாள். பிறகு எலெக்ஷன் வந்தது. சாலையோரப் பேனரையெல்லாம் ஒரே நாளில் கழற்றி லாரியில் அள்ளிப் போனார்கள். செண்பகம் லாரிக்குப் பின்னால் ரயில்வே கேட் வரைக்கும் ஓடியிருக்கிறாள். கொடுக்கவில்லை.

அந்தப் பேனர் பெல்ட்டில் வந்தது.

அன்றைக்குப் புதன்கிழமை. மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பானை ஓடுவதைக் காட்டி, அதைவிட இருபது மடங்கு பெரிய பிளாண்ட் போட அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மேனேஜர் குணாளன் சோனியாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "நாளைக்கு போற அறுபது கிலோவும் உங்க பொறுப்பும்மா. சுத்தமா போச்சுன்னா, டெஸ்டிங் ரூம் உங்களுக்கு." குணாளன் யாரையும் அதட்டிப் பேசி அங்கே ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்கு அம்மா, ஐயாதான்.

சோனியா காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெல்ட்டைச் சுற்றி வந்தாள். மூன்று மணி இருக்கும். கடைசியில் செண்பகம் கை ஓடாமல் நிற்பது தெரிந்து விறுவிறுவென்று போனாள். செண்பகம் ஒரு பேனரைப் பாதி விரித்துப் பிடித்திருந்தாள். எண்ணெயும் சேறுமாக ஒரு பல்வரிசை சிரித்தது. செண்பகம் முந்தானையை நனைத்து அந்த மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா" என்றாள் சோனியா.

"ஊட்டுக்கு எடுத்துனு போறேன்டி சோனி."

"கேட்ல செக்கிங் கீதேக்கா. பெல்ட்டுல இருந்து ஒரு மூடி எடுத்தாலும் திருட்டுனு எழுதி அனுப்பிடுவான். இம்மாம் பெரிசை எங்க ஒளிப்ப? சிவப்புல போட்டுடுக்கா. கண்ண மூடிக்கினு போட்டுடு."

"எரிச்சுடுவானுங்கடி." செண்பகம் குரலை உயர்த்தவில்லை. "நா அவன பொதச்சிக்கீறேன். எரிக்க வுடமாட்டேன். இதோ, இதுல போட்டா எழுந்து வருமாமே. சாரே சொன்னாரே. வேற இன்னாவாவோ ஆயி வரட்டும். சோப்பா ஆனாலும் ஆவட்டும், எங்கனா ஒரு ஊட்ல கெடக்கட்டும்."

"ஐயோ, மருந்து கெட்டுப்போவும்க்கா!"

"ஒரே ஒரு பேனருடி. அம்மாம் பெரிய பானைக்கு இது இன்னா பண்ணிடும்? நீ வோணாம்னா சொல்லு, நா போடல."

சொல்லியிருக்கலாம். வோணாம் என்று மூன்றெழுத்தைச் சொல்லவா தெரியாது சோனியாவுக்கு? அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குணாளன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த ஸ்டூல். சோனியாவின் மனசு அப்போதே காலுக்கு முன்னால் ஓடிவிட்டது. பேனர் பெரிசுதான், பானை அதைவிடப் பெரிசு என்று அவளும் நினைத்துக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது, அதை இல்லை என்று சொல்லக்கூடாது.

"இன்னாவோ பண்ணு. நா பாக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்த நேரத்தில், பின்பக்கம் நறுக்கும் மிஷின் ஒருதரம் திணறிவிட்டு மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வெளிநாட்டு ஆட்கள் நான்கு பேர் தலைக்கு மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு பானை முன்னால் நின்றார்கள். தேன் நிறத்தில் எண்ணெய் வர வேண்டிய குழாய். முதலில் வந்தது ஒரு வாடை. கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை மூக்கடியில் உடைத்த மாதிரி. பிறகு குழாய் மூட்டுகளில் வெள்ளைப் புகை. வந்தவர்கள் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள், ஒருவர் வாசலிலேயே வாந்தி எடுத்தார். கடைசியில் குழாயிலிருந்து தார் மாதிரி ஒன்று தொப்பென்று விழுந்தது. சந்திரமோகன் ஓடிப்போய்ப் பானையை நிறுத்தினார். பானையை ஆறவைத்துத் திறந்தபோது வெள்ளை மணிகளெல்லாம் கரிக்கட்டையாக ஒட்டிக்கிடந்தன. மருந்து செத்துவிட்டது. வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

உருக்கிய பிளாஸ்டிக்கை வடிகட்டுகிற வலையில் ஐந்து பித்தளை வளையங்கள் சிக்கியிருந்தன. பேனரில் கயிறு கோத்துக் கட்டுவதற்காக ஓரத்தில் அடிப்பார்களே, அந்த வளையம். நசுங்கியிருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்தது. செண்பகம் படத்தைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குணாளன் சோனியாவை டெஸ்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் வெள்ளைத் தாள். தாளில் ஐந்து வளையம்.

"உக்காருங்கம்மா."

"பரவால்ல சார்."

"உக்காருங்க. உங்க சீட்டுதானே அது."

சோனியா உட்கார்ந்தாள். பத்தொன்பது வருட வலி முழங்காலிலிருந்து இறங்கி, கணுக்காலைத் தாண்டி, தரைக்குள் போகிற மாதிரி இருந்தது. ரெக்சின் சில்லென்று இருந்தது.

"பதினோரு பேரையும் அனுப்பிட்டு புதுசா ஆள் எடுக்கறது எனக்குப் பெரிய வேலை இல்லம்மா" என்றார் குணாளன். "ஆனா எனக்கு மனசு வரல. எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஒரு பேரு சொல்லுங்க போதும். பத்து பேரு திங்கட்கிழமை வேலைக்கு வந்துடலாம். நீங்க இங்க வந்துடலாம்."

சோனியா ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்ததைத்தானே சொல்ல முடியும்? காலை லேசாக உந்தினாள். ஸ்டூல் கொஞ்சம் சுற்றியது. அது சுற்றி நிற்கும் நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

"செண்பகம் சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"நா இங்க கோட்டு போட்டுப் பாத்துக்கினு இருந்தேன் சார். நீங்கதான கூப்ட்டீங்க."

"ஆமா, ஆமா. நானே சாட்சி" என்று சிரித்தார். "அவங்க போட்டோ ஏதாச்சும் இருக்கா? ரெக்கார்டுக்கு. ஆதார்ல முகமே தெரியல."

இருந்தது. போன வருடம் பிரின்சி பத்தாவது பாஸ் பண்ணிய அன்று கேக் வெட்டும்போது எடுத்தது. சோனியா செண்பகத்தின் தோள்மேல் கை போட்டு நிற்கிறாள். சோனியாவின் கையில் பிரின்சி நீலப் பட்டுநூல் சுற்றி, வெள்ளைக் கல் ஒட்டிக் கொடுத்த வளையல். அதை அவள் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

செண்பகத்தைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்றதும் முதலில் பார்த்தது சோனியா உட்கார்ந்திருப்பதை. "குந்திக்கினியா" என்கிற மாதிரி அவள் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. மெய்யாகவே வந்தது. அப்புறம்தான் மேஜைமேல் இருந்த வளையங்களைப் பார்த்தாள்.

"ஆமா சார், நாந்தான் போட்டேன். எம் புள்ள பேனரு" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"யாராச்சும் சொல்லிப் போட்டீங்களா? யாருக்காவது தெரியுமா?"

செண்பகம் சோனியாவைப் பார்த்தாள். சோனியா வளையங்களை எண்ணினாள். ஐந்துதான். மறுபடி எண்ணினாலும் ஐந்துதான்.

"யாருக்கும் தெரியாது சார்" என்றாள் செண்பகம்.

சந்திரமோகன் ஓரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதால்தான் அந்த அம்மா போட்டாள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை. அவருக்கும் வேலை வேண்டுமே.

வெளியே போகச் சொன்ன பிறகும் செண்பகம் நின்றாள். "சார், ஒண்ணே ஒண்ணு. அது இன்னாவா ஆயி வந்துச்சு?"

குணாளனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் சத்தம் போடவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. "வாங்கம்மா, காட்டறேன்" என்று மரியாதையாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். சோனியாவையும் கூப்பிட்டார். அங்கே ஒரு இரும்பு டிரம். அவரே ஒரு கம்பியால் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே கறுப்பாக, கட்டியும் கூழுமாக, கண்ணை எரிக்கும் வாடையோடு கிடந்தது.

"இதாம்மா உங்க புள்ள."

செண்பகம் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பெட்டியை மூடும்போது பார்க்க வேண்டாம் என்றார்களே, அதற்கும் சேர்த்துப் பார்த்தாள்.

"இது இன்னா சார் ஆவும் இனிமே?"

"ஒண்ணுக்கும் ஆகாதும்மா. சிமெண்ட் ஃபேக்டரிக்கு எரிக்கத்தான் அனுப்பணும்."

"என்னிக்கு லாரி போவுதுனு சொல்றீங்களா சார்?"

"கேட்டுக்கு வெளிய நின்னீங்கன்னா உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி மூடியைப் போட்டார்.

நின்றாள். மூன்று நாள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். நான்காம் நாள் லாரி போனது. லாரிக்குப் பின்னால் இந்த முறை ஓடவில்லையாம், செக்யூரிட்டி சொன்னான். கும்பிட்டுவிட்டு நடந்து போனாளாம்.

அதோடு விட்டிருந்தால் குணாளனையும் மனுஷன் என்று சொல்லலாம். அடுத்த வாரம் கேட்டுக்கு மேலே ஒரு பேனர் ஏறியது. ஷேர் ஆட்டோ திரும்பும் முனையில் ஒன்று, பைபாஸ் டீக்கடைக்கு எதிரே ஒன்று. 'எச்சரிக்கை. இவர் பணியிடத்தில் நாசவேலை செய்து நீக்கப்பட்டவர். எந்த நிறுவனமும் இவரை வேலைக்கு வைத்து ஏமாற வேண்டாம்.' நடுவில் செண்பகத்தின் முகம், ஆள் உயரத்துக்கு. எதில் அடித்திருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? ஃப்ளெக்ஸில்தான். ஃப்ளெக்ஸை எதிரி என்று சுவரெல்லாம் எழுதிவைத்த கம்பெனி!

படத்தில் சோனியாவை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவசரமாக வெட்டினார்கள் போலிருக்கிறது, கை மட்டும் தங்கிவிட்டது. செண்பகத்தின் தோள்மேல் மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை. நீல வளையல். வெள்ளைக் கல்.

சோனியா கவரைப்பேட்டையில் ரயிலேறி வந்து, ஷேர் ஆட்டோவில் அந்த முனையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். தினமும் அந்த இடம் வரும்போது போனை எடுத்துக் குனிந்துகொள்வாள். ஒருநாள் குனிவதற்குள் பார்த்துவிட்டாள். பேனருக்குக் கீழே செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுக் கூடை, வேறு ஏதோ கம்பெனியில் வேலை கேட்டுவிட்டு வந்த கோலம். ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் ஏறி இறங்கியிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் செக்யூரிட்டிகள் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ தாண்டியதும் சோனியா திரும்பிப் பார்த்தாள். இறங்கிப் போய்ப் பேச நினைத்தாள், ஏழரைக்குள் கைரேகை வைக்க வேண்டும், போகவில்லை. அப்புறம் செண்பகத்தை அந்தப் பக்கம் காணோம். தடா தாண்டி ஆந்திராப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அங்கே அவள் முகம் யாருக்கும் தெரியாது.

புது மருந்து வந்தது. பானை மறுபடி ஓடியது. சோனியா நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் வீக்கம் வடிந்தது. பொய் சொல்வானேன், முதல் மாசம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பேனர் விவகாரத்துக்குப் பிறகு கம்பெனியில் புதுச் சட்டம். சந்தேகப்படும்படி எது வந்தாலும் டெஸ்டிங் ரூமுக்கு வர வேண்டும். சோனியா அதில் ஒரு துண்டு வெட்டி, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதில் ஒட்டி, சுடரில் காட்டுவாள். சுடர் பச்சையானால் பி.வி.சி. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அது சிவப்புத் தொட்டிக்கு.

கார்த்திகை மழை வந்தது, புயல் காற்று இரண்டு நாள் சுழற்றியது. சிப்காட் முழுக்கப் பேனரும் தகரமும் பறந்தன. அள்ளி வந்த குப்பை அடுத்த வாரம் பெல்ட்டில் ஏறியது. செண்பகம் நின்ற இடத்தில் இப்போது பூமிகா என்று ஒருத்தி, இரண்டு பிள்ளைக்காரி, புயலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். அவள் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பேனரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டெஸ்ட்டுக்குக்கா." தரையில் விரித்தாள். "எச்சரிக்கைனு போட்டுக்கீது. பாவம், இன்னா பண்ணாங்களோ. யாருக்கா இது, உனக்குத் தெரியுமா?"

சேற்றுக்குள்ளிருந்து செண்பகம் பார்த்தாள். கேக் வெட்டிய அன்றைய சிரிப்பு.

"தெரியாது" என்றாள் சோனியா.

"தோள்மேல யாரோ கை வெச்சிக்கீறாங்க பாரேன். சொந்தக்காரங்க போல." பூமிகா குனிந்து கையால் சேற்றை வழித்தாள். நீலம் தெரிந்தது. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் நிமிர்ந்து சோனியாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். "இந்த வளையலு உன்துமாரியே கீதேக்கா."

சோனியா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கிக் குந்தினாள். எந்த ஓரத்திலிருந்தும் ஒரு துண்டு வெட்டலாம், நான்கு ஓரம் இருக்கிறது. அவள் நடுவில் கத்தரியை நுழைத்து, தோளோடு ஒட்டி, மணிக்கட்டைச் சுற்றி, ஒரு விரல் விடாமல் அந்தக் கையை வெட்டி எடுத்தாள். கம்பியைக் காய்ச்சினாள். கையை மடித்து, பழுத்த முனையை அதில் அழுத்தி, சுடருக்குள் காட்டினாள். பச்சையாக எரிந்தது. கம்பியில் ஒட்டியது போக மீந்ததையும் இடுக்கியில் பிடித்து அந்தச் சுடரிலேயே கரியாகும்வரை காட்டினாள். புகை தொண்டையில் ஏறி இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பூமிகா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள்.

நோட்டைத் திறந்து தேதி போட்டு, ஃப்ளெக்ஸ், பச்சை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "சிவப்புல போடு."

பூமிகா தயங்கினாள். "மடிச்சுப் போடட்டுமாக்கா? மூஞ்சி கீது, மிதிபடும்."

"எதுக்கு மடிக்கணும்? எரிக்கத்தான போவுது."

பூமிகா அதை இழுத்துக்கொண்டு போனாள். சோனியா ஸ்டூலைச் சுற்றி உயரம் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.